ஓசோன் குறைந்ததால் துருவச் சுழல் வலுத்ததா, சுழல் வலுத்ததால் ஓசோன் குறைந்ததா?

2020 மார்ச்சில் வட துருவத்துக்கு மேலே ஓசோன் வெகுவாகக் குறைந்துபோனது. அதே குளிர்காலத்தில், துருவத்தைச் சுற்றி மேலே ஓடும் துருவச் சுழல் என்ற காற்றோட்டமும் வழக்கத்தைவிட மிக வலுவாகச் சுழன்றது. இந்த இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்துப் படித்த நீங்கள், ஓசோன் குறைந்ததால்தான் சுழல் வலுத்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுவாகவே ஓசோன் கூடுவதும் குறைவதும் துருவக் குளிர்காலத்தில் மேலே ஓடும் காற்றை மாற்றுமா என்பது உங்கள் அடுத்த கேள்வி. நான் புரிந்துகொண்ட வரையில், இரண்டில் எது காரணம், எது விளைவு என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள். சுருக்கமாகச் சொன்னால், நடுக்குளிர்காலத்தில் காற்றுதான் ஓசோனை நடத்துகிறது. வெயில் திரும்பி வந்த பிறகுதான் ஓசோன் காற்றை நடத்தத் தொடங்குகிறது. இதை எந்த அளவுக்கு உறுதியாகச் சொல்லலாம், எங்கே தயங்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் பொறுமையாக விளக்குகிறேன்.

வளிமண்டலத்தின் இந்த உயரத்தைக் கணினி மாதிரிகளில் ஓட்டிப் பார்ப்பது பல வருடங்களாக என் வேலை. உங்களுக்கு வந்த எண்ணம் ஆரம்பத்தில் எனக்கும் வந்தது. பல வருடத் தரவை எடுத்து, ஜனவரி மாத ஓசோனையும் ஜனவரி மாதக் காற்றையும் ஒரே வரைபடத்தில் போட்டேன். ஓசோன் குறைவாக இருந்த வருடங்களில் காற்று பலமாக இருந்தது. அழகாகப் பொருந்தி வந்தது. ஓசோன்தான் காற்றை மாற்றுகிறது என்று எழுதி என் ஆசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் வரைபடத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “ஜனவரியில அங்க வெயில் எங்கப்பா இருக்கு?” என்று மட்டும் கேட்டார். உங்களுக்கான பதிலையும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஓசோன் காற்றைச் சூடாக்குவது, சூரியனின் புற ஊதாக் கதிரை விழுங்குவதன் மூலம். தரையிலிருந்து மேலே போகப் போகக் குளிர்ந்துகொண்டே வரும் காற்று, பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் மறுபடி சூடாகத் தொடங்குகிறது. கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர் வரை அந்த ஏற்றம் தொடர்கிறது. ஸ்ட்ராட்டோஸ்பியர் என்கிற இந்தப் பகுதியைப் பள்ளிப் புத்தகத்தில் மீள் அடுக்கு என்று படித்திருப்பீர்கள். அங்கே ஓசோனை அடுப்பு என்று வைத்துக்கொண்டால் புற ஊதாக் கதிர்தான் விறகு. விறகே வராத இடத்தில் அடுப்பு பெரிதா சின்னதா என்பதால் எதுவும் மாறாது. துருவ இரவில் நிலைமை அதுதான். இருட்டிலும் ஓசோன் முழுக்கச் சும்மா இருப்பதில்லை, அகச்சிவப்புக் கதிரைக் கொஞ்சம் விழுங்கும், கொஞ்சம் வெளிவிடும். ஆனால் அந்த இரவில் காற்றைக் குளிரவைக்கும் வேலையின் பெரும்பகுதி கரியமில வாயுவுடையது. ஓசோனின் பங்கு சிறியது.

வட துருவத்தில் செப்டம்பர் கடைசியில் மறையும் சூரியன் மார்ச்சில்தான் மறுபடி எட்டிப்பார்க்கிறது. இந்த இடைவெளியில் துருவத்துக்கு மேலே உள்ள காற்று வெப்பத்தை விண்வெளிக்கு இழந்து இழந்து குளிர்ந்து சுருங்குகிறது. சுருங்குவதால், குறிப்பிட்ட ஒரு காற்றழுத்தம் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரம் துருவத்துக்கு மேலே தாழ்ந்துவிடுகிறது, நடுவில் பள்ளம் விழுந்த மாதிரி. சுற்றிலும் உள்ள காற்று அந்தப் பள்ளத்தை நோக்கிப் போகப் பார்க்கிறது. பூமியின் சுழற்சி அதை வலப்பக்கம் திருப்பிவிடுவதால், அது உள்ளே போகாமல் மேற்கிலிருந்து கிழக்காகத் துருவத்தைச் சுற்றி ஓடுகிறது. இதுதான் துருவச் சுழல். துருவத்துக்கும் நடு அகலாங்குகளுக்கும் இடையே வெப்ப வேறுபாடு எவ்வளவு அதிகமோ, உயரம் ஏற ஏறக் காற்றும் அவ்வளவு பலம் பெறும். இது பாடநூல் இயற்பியல், இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஆக, ஓசோன் இந்தக் காற்றைத் தொட வேண்டுமென்றால் அந்த வெப்ப வேறுபாட்டைத் தொட்டாக வேண்டும்.

வெயில் போனதும் சுழல் தானாகவே உருவாகிவிடும் என்றால், ஒரு வருடம் வலுவாகவும் இன்னொரு வருடம் பலவீனமாகவும் இருப்பது ஏன்? காரணம் கீழே இருந்து வரும் அலைகள். ராக்கி மலைகள், இமயமலையும் திபெத்தும், நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு, இவற்றில் மோதி வளையும் காற்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள அலைகளை மேலே அனுப்புகிறது. இவை கிழக்குக் காற்றில் ஏறாது என்றும், மேற்குக் காற்று அளவுக்கு மீறிப் பலமாக இருந்தாலும் ஏறாது என்றும் சார்னியும் டிராஸினும் 1961-ல் காட்டினார்கள். மேலே ஏறிய அலை கடலோர அலை போல உடையும்போது சுழலுக்குத் தடை போடுகிறது. சில வருடங்களில் அந்தத் தடை மிகப் பலமாக விழுந்து, சில நாட்களுக்குள் மீள் அடுக்கின் வெப்பநிலை 30, 40 டிகிரி ஏறிவிடும், மேற்குக் காற்று கிழக்குக் காற்றாகத் திரும்பிவிடும். பெர்லினில் பலூன் விட்டு அளந்துகொண்டிருந்த ரிச்சர்ட் ஷெர்ஹாக் இதை 1952-ல் முதன்முதலாகக் கண்டார். இது எப்படி நடக்கிறது என்று 1971-ல் விளக்கியவர் ஜப்பானின் மட்ஸுனோ. வட துருவத்தில் பத்து வருடத்தில் சராசரியாக ஆறு தடவை இது நடக்கும். தென் துருவத்தில் காற்றே திசை திரும்பும் அளவுக்கு நடந்தது 2002 செப்டம்பரில் ஒரே ஒரு முறைதான். அங்கே சுற்றிலும் கடல், அலை எழுப்பும் மலைகள் குறைவு.

இந்த அலைகள் இன்னொரு வேலையும் செய்கின்றன. ஓசோன் பெரும்பாலும் உருவாவது வெயில் கொளுத்தும் வெப்பமண்டல வானத்தில். ஆனால் தலைக்கு மேலே உள்ள மொத்த ஓசோனை அளந்தால் நம் பக்கம் ஏறக்குறைய 260 டாப்சன் அலகுதான் இருக்கும், வட துருவத்தில் வசந்தகாலத்தில் 450 வரை போகும். டாப்சன் அலகு நூறு என்றால், அவ்வளவு ஓசோனையும் தரைக்குக் கொண்டுவந்து பரப்பினால் ஒரு மில்லிமீட்டர் தடிமன் வரும் என்று பொருள். இங்கே உருவானது அங்கே போய்ச் சேருவது ப்ரூவர்-டாப்சன் சுழற்சி என்கிற மெதுவான ஓட்டத்தால். அந்த ஓட்டத்தைத் தள்ளுவதும் இதே அலைகள்தான். அலை பலமாக உள்ள குளிர்காலத்தில் துருவத்தில் காற்று அதிகம் கீழிறங்குகிறது. இறங்கும் காற்று அமுங்கிச் சூடாவதால் சுழல் பலவீனமடைகிறது, கூடவே ஓசோனும் நிறைய வந்து சேருகிறது. அலை குறைந்த குளிர்காலத்தில் துருவம் உறைந்துபோய்ச் சுழல் வலுக்கிறது, ஓசோன் வரத்தும் குறைகிறது. என் வரைபடத்தில் ஜனவரி ஓசோனும் காற்றும் பொருந்தி வந்தது இதனால்தான். இரண்டுமே அலைகளின் விளைவு, ஒன்று இன்னொன்றுக்குக் காரணமாக இருக்கவில்லை.

இப்போது 2020-க்கு வருவோம். அந்தக் குளிர்காலம் முழுக்க மேலே ஏறிய அலைகள் பலவீனமாக இருந்தன. அதனால் ஜனவரியிலேயே சுழல் மிகுந்த பலத்தோடு இருந்தது. துருவத்துக்கும் நடு அகலாங்குகளுக்கும் இடையிலான காற்றழுத்த வேறுபாட்டைக் காட்டும், வடகோள வானிலையாளர்கள் கவனிக்கும் ஆர்க்டிக் அலைவு என்ற குறியீடு அந்த ஜனவரி முதல் மார்ச் வரையிலான சராசரியில், 1950-லிருந்து உள்ள பதிவுகளில் இல்லாத உச்சத்தைத் தொட்டது. இதெல்லாம் ஓசோன் அழிவு முற்றுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை சுமார் மைனஸ் 78 டிகிரிக்குக் கீழே போனால் மீள் அடுக்கில் மெல்லிய மேகங்கள் உருவாகும். அந்த மேகத் துகள்களின் மேற்பரப்பில், செயலற்று இருந்த குளோரின் சேர்மங்கள் பிரிந்து தாக்குதலுக்குத் தயாராகின்றன. அந்தக் குளோரின் நமது பழைய குளிர்பதனப் பெட்டிகளிலிருந்தும் தெளிப்பான்களிலிருந்தும் போனது. வெயில் பட்டதும் அது ஓசோனைத் தின்னத் தொடங்கியது. மார்ச் 12 அன்று அங்கே மிகக் குறைந்த அளவாக 205 டாப்சன் அலகு பதிவானது. மார்ச் மாதத்தில் அங்கே வழக்கமான குறைந்த அளவு 240 வாக்கில் இருக்கும். ஆக, குளிர்காலத்தில் சுழல் வலுத்ததால்தான் ஓசோன் குறைந்தது. உங்கள் முதல் கேள்விக்கு நான் தயங்காமல் சொல்லக்கூடிய பதில் இது.

கதை அதோடு முடியவில்லை. மார்ச்சுக்குப் பிறகு வெயில் ஏறுகிறது, விறகு வந்துவிட்டது. வழக்கமாக இந்த நேரத்தில் ஓசோன் சூடேறித் துருவத்தைச் சூடாக்கி, வெப்ப வேறுபாட்டைக் குறைத்துச் சுழலைக் கலைக்க உதவும். அடுப்பே சிறுத்துப்போன வருடத்தில் அந்தச் சூடு கிடைப்பதில்லை. துருவம் இன்னும் சில வாரம் குளிராகவே இருக்கிறது, சுழல் தாமதமாகக் கலைகிறது. குளிர் நீடித்தால் மேகங்களும் நீடிக்கும், ஓசோன் இன்னும் குறையும். 2020-ல் சுழல் ஏப்ரல் பின்பகுதி வரை தாங்கியது. அப்படித் தாங்கியதில் ஓசோனுக்கு எவ்வளவு பங்கு, அலைகளின் பலவீனத்துக்கு எவ்வளவு பங்கு என்று அந்த ஒரு வருடத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

பிரித்துக் காட்டும் இடம் அண்டார்க்டிகா. அங்கே ஓசோன் குறைவு ஒரு வருட விபத்தாக இல்லாமல் ஒவ்வொரு வசந்தத்திலும் திரும்பத் திரும்ப நடந்தது. ஹாலி ஆய்வு நிலையத்தில் அக்டோபர் மாத சராசரி 1960-கள் வரை 300 டாப்சன் அலகு வாக்கில் இருந்தது, 1980-களின் நடுவில் 200-க்கும் கீழே இறங்கிவிட்டது. ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் மூவரும் 1985-ல் அதை வெளியிட்டார்கள். துருவ மேகங்களின் மேற்பரப்பில் நடக்கும் வேதிவினைதான் காரணம் என்று அடுத்த வருடமே சூசன் சாலமனும் உடன் பணியாற்றியவர்களும் முன்வைத்தார்கள். பின்னால் வந்த அளவீடுகள் அதை உறுதிசெய்தன. காற்றுக்கு என்ன ஆனது என்று பார்த்தால், அக்டோபர், நவம்பரில் தென் துருவ மீள் அடுக்கின் கீழ்ப்பகுதி 6 முதல் 10 டிகிரி வரை குளிர்ந்தது. சுழல் கலையும் நாள் இரண்டு வாரமோ அதற்கு மேலுமோ தள்ளிப்போனது. ஆனால் ஜூன், ஜூலை, ஆகஸ்டில், அதாவது அங்கே நடுக்குளிர்காலத்தில், ஓசோன் துளையால் வந்தது என்று சொல்லத்தக்க பெரிய மாற்றம் காற்றில் இல்லை. என் ஆசிரியர் கேட்ட கேள்விக்கு இயற்கையே தந்த பதிலாக இதைப் பார்க்கிறேன். ஓசோன் துளையின் கை காற்றின் மேல் விழுவது வெயில் வந்த பிறகுதான்.

அந்தக் கை தரை வரைக்கும் நீண்டது என்பதும் இன்று நன்றாக நிறுவப்பட்ட விஷயம். மீள் அடுக்கில் தொடங்கிய மாற்றம் ஓரிரு மாதத்தில் கீழடுக்குக்கு இறங்கி, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தென்கோளத்தின் மேற்குக் காற்றோட்டத்தைத் துருவத்தை நோக்கி ஓரிரு பாகை நகர்த்தியது. 2002-ல் தாம்சனும் சாலமனும் தரவில் இதைக் காட்டினார்கள். ஓசோனை மட்டும் குறைத்து ஓட்டிய கணினி மாதிரிகளிலும் அதே நகர்வு வந்தது. ஓசோனை அழிக்கும் வேதிப்பொருட்களைக் கட்டுப்படுத்த 1987-ல் கையெழுத்தான மாண்ட்ரியல் ஒப்பந்தத்தால் ஓசோன் மீளத் தொடங்கியதும் 2000-க்குப் பிறகு அந்த நகர்வு நின்றுவிட்டதாக 2020-ல் ஒரு ஆய்வு காட்டியது. காரணத்தைக் கூட்டியபோது விளைவு கூடியது, குறைத்தபோது நின்றது. பூமி முழுவதையும் ஆய்வுக்கூடமாக வைத்து இப்படி ஒரு சோதனை அமைவது அபூர்வம், அதனால்தான் இந்தப் பகுதியில் இவ்வளவு உறுதியாகப் பேசுகிறேன்.

வட துருவத்தில் அதே உறுதி எனக்கு இல்லை. அங்கே ஓசோன் மிகவும் குறைந்த வசந்தங்கள் 1997, 2011, 2020 என்று எண்ணிவிடக்கூடிய அளவுதான். அந்த வருடங்களில் சுழலும் வலுவாகவே இருந்ததால், தரையில் தெரிந்த மாற்றத்தை யாருடைய கணக்கில் எழுதுவது என்பது பெரிய சிக்கல். நாங்கள் செய்யும் வழி ஒன்று உண்டு. ஒரே கணினி மாதிரியை இரண்டு விதமாக ஓட்டுவோம். ஒன்றில் ஓசோன் வெப்பத்துக்கும் காற்றுக்கும் ஏற்ப மாறிக்கொள்ளும். இன்னொன்றில் என்ன நடந்தாலும் ஓசோன் வருடா வருடம் ஒரே சராசரி அளவில்தான் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஓசோனின் பங்கு. 2022-ல் இப்படி இரண்டு வெவ்வேறு மாதிரிகளை வைத்துச் செய்த ஒரு ஆய்வில், ஓசோன் அழிவு வடகோள வசந்தகால வானிலையில் தெளிவாகத் தெரியும் தடத்தை விட்டது. எனக்கு அந்த முடிவு நம்பத்தக்கதாகவே படுகிறது. ஆனாலும் இரண்டு மாதிரிகள் இரண்டுதான். 2020 வசந்தத்தில் சைபீரியா வழக்கத்தைவிட மிகவும் சூடானதில் ஓசோனின் பங்கு பெரிதா சிறிதா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை.

சரி, நடுக்குளிர்காலத்தில் ஓசோனுக்கு ஒரு பங்கும் கிடையாதா என்றால், அப்படியும் சொல்ல மாட்டேன். துருவ இரவு தரையில் 66½ பாகையில் தொடங்குகிறது. 30 கிலோமீட்டர் உயரத்தில் தொடுவானம் தாழ்ந்து தெரிவதால் அங்கே அது சுமார் 72 பாகையில்தான் தொடங்குகிறது. சுழலின் விளிம்பு ஓடும் 60 பாகையில் டிசம்பர் நண்பகலில் சூரியன் ஆறரை பாகை உயரத்துக்கு வருகிறது. அந்தச் சாய்ந்த வெயிலிலும் விளிம்பில் கொஞ்சம் சூடு உண்டு. அங்கே ஓசோன் எல்லாத் தீர்க்கரேகையிலும் சமமாக இல்லை, அலையோடு சேர்ந்து ஒரு பக்கம் கூடியும் மறுபக்கம் குறைந்தும் இருக்கிறது. பழைய மாதிரிகள் பலவற்றில் ஓசோனை வட்டம் முழுக்க ஒரே சராசரியாகக் கொடுத்துவிடுவோம். உண்மையான ஏற்றத்தாழ்வோடு கொடுத்தபோது தென் துருவ வசந்தம் கூடுதலாகக் குளிர்ந்தது. வட துருவத்தில் மாதிரிக்கு மாதிரி விடை மாறுகிறது. நான் ஓட்டியவற்றிலும் அப்படித்தான், ஆகவே அதை வைத்து ஒரு பக்கம் சாய எனக்கு மனமில்லை.

இன்னொரு பாதை வெப்பமண்டலத்தின் வழியாக வருகிறது. சூரியனின் பதினோரு வருடச் சுழற்சியில் புற ஊதாக் கதிர் சில சதவீதம் கூடிக் குறைகிறது. அதோடு 40 கிலோமீட்டர் வாக்கில் ஓசோனும் வெப்பமும் சிறிது மாறுகின்றன. அந்தச் சிறு மாற்றம் அலைகளின் பாதையைத் திருப்பித் துருவச் சுழலைத் தொடுகிறது என்பது ஒரு கருத்து. பெர்லினைச் சேர்ந்த கரின் லபிட்ஸ்கே 1987-ல் வருடங்களைப் பிரித்துப் பார்த்தபோதுதான் அந்தத் தொடர்பு தெரிந்தது. அவர் பிரித்தது, பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 28 மாதத்துக்கு ஒருமுறை கிழக்கும் மேற்குமாகத் திசை மாறும் காற்றின் அடிப்படையில். இந்த ஈராண்டு ஊசல் துருவச் சுழலைப் பாதிக்கிறது என்பதை ஹோல்டனும் டானும் 1980-ல் காட்டினார்கள், அது இன்றும் நிற்கிறது. சூரியச் சுழற்சிப் பங்கு அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. தரவு நீள நீளத் தொடர்பு மங்குகிறது என்று சொல்பவர்களும் உண்டு. இந்த இடத்தில் ஒருவரை நினைவுகூராமல் போக மனம் வரவில்லை. வெப்பமண்டல ஓசோனிலும் இதே ஈராண்டு ஊசல் இருப்பதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்த கே. ஆர். ராமநாதன். சி. வி. ராமனிடம் பயின்று, அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராகி, சர்வதேச ஓசோன் குழுவுக்கும் தலைவராக இருந்தவர். இந்தத் துறைக்கு வரும் நம் பிள்ளைகளில் பலருக்கு அவர் பெயரே தெரியாதது எனக்கு வருத்தம்.

நீங்களே தரவில் பார்க்க விரும்பினால் மூன்று கோடுகளை எடுத்துக்கொள்ளுங்கள்: 60 பாகை வடக்கில் காற்றழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் இருக்கும் உயரத்துக் (சுமார் 30 கிலோமீட்டர்) காற்று, துருவத்தில் 50 ஹெக்டோபாஸ்கல் உயரத்து (சுமார் 20 கிலோமீட்டர்) வெப்பநிலை, துருவத்தின் மொத்த ஓசோன். மாத சராசரியாகப் போட வேண்டாம், நான் ஆரம்பத்தில் செய்த தவறு அதுதான். நவம்பரிலிருந்து மே வரை நாள் வாரியாகப் போடுங்கள். 2020-ல் காற்றும் குளிரும் ஜனவரியிலேயே விலகி நிற்பதையும், ஓசோன் அழிவு மார்ச்சில் உச்சத்துக்குப் போவதையும் பார்ப்பீர்கள். அப்புறம் 2019 செப்டம்பர் தென் துருவத்தையும் அதேபோலப் போட்டுப் பாருங்கள், நவம்பருக்குப் பதிலாக மேயில் தொடங்கி. அங்கே அலைகள் வந்து சுழலை உலுக்கி, துருவத்தைச் சூடாக்கி, ஓசோன் துளையை 1980-களின் தொடக்கத்துக்குப் பிறகு கண்டிராத அளவுக்குச் சிறிதாக்கின. கோடுகள் எல்லாம் எதிர்த்திசையில் போகும், வரிசை மட்டும் மாறாது.